முதலில் கிழமை, அப்புறம் மலை, கடைசியில் ஃபெர்ரி

கேள்வி: நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். கணவர், நான், 11 வயது மகள், 8 வயது மகன், எங்களோடு இருக்கும் என் அம்மா. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் ஸ்கீ விடுமுறை போய்வந்து கதை சொல்வதைக் கேட்டு, எங்கள் பிள்ளைகளும் விடாமல் கேட்கிறார்கள். எங்களில் ஒருவருக்கும் பனிச்சறுக்கு தெரியாது. பெப்ரவரி ஹாஃப் டேர்முக்கு (தவணை நடுவில் வரும் பள்ளி விடுமுறை) ஜெனீவா விமான டிக்கெட் பார்த்தால் தலை சுற்றுகிறது. காரை ஃபெர்ரியில் ஏற்றிக்கொண்டு போனால் மலிவு என்கிறார் கணவரின் நண்பர். எந்த ஃபெர்ரி மலிவு, டோவரா நியூஹேவனா? பிரெஞ்சு ஆல்ப்ஸில் கூர்ஷவெல் நல்ல இடம் என்கிறார்களே, அங்கே போகலாமா? அம்மாவிடம் இலங்கைப் பாஸ்போர்ட்தான் இருக்கிறது, அதில் சிக்கல் வருமா? சமைத்துச் சாப்பிட அரிசி, பருப்பு, கறிவேப்பிலை கொண்டுபோகலாமா?
(ஹாரோ வாசகி)

பதில்: ஐந்து பேர் ஒரே காரில் போவதென்றால் நண்பர் சொல்வது சரிதான். டோவர் ஃபெர்ரிகளில் பெரும்பாலும் காருக்கும் அதில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே விலை போடுகிறார்கள். விமானம் என்றால் ஐந்து பேருக்கும் தனித்தனி டிக்கெட், பெட்டிக்குத் தனிக் காசு, ஜெனீவாவில் இறங்கியபின் மலைக்குப் போக வேன் கூலி வேறு. ஆனால் எந்த ஃபெர்ரி மலிவு என்பதை நீங்கள் முதல் கேள்வியாக வைக்கிறீர்கள். அது கடைசிக் கேள்வி. ஃபெர்ரியில் மிச்சம் பிடிக்கும் ஐம்பது அறுபது பவுண்டை, தவறான வாரத்தில் எடுத்த அபார்ட்மென்ட் முதல் இரவிலேயே விழுங்கிவிடும்.

பெப்ரவரி ஹாஃப் டேர்மை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. பிரான்ஸ் தன் பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, குளிர்கால விடுமுறையை பெப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலுமாக நான்கு வாரங்களுக்குப் பரப்பி விடுகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் மலையேறக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நடுவில் இங்கிலாந்தின் ஹாஃப் டேர்ம் வந்து விழுகிறது. பாரிஸ் பிள்ளைகளின் விடுமுறையும் அதே வாரத்தில் அமைந்துவிட்டால், அறை வாடகை, ஸ்கீ வகுப்பு, வாடகைக் கருவி எல்லாமே வருடத்தின் உச்ச விலைக்குப் போய்விடும். மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட்டுக்கு வரிசையில் நிற்கவே பாதி நாள் போகும். புதிதாகக் கற்பவர்களுக்கு அதைவிடக் கெட்ட வாரம் கிடையாது.

ஈஸ்டர் விடுமுறையைப் பாருங்கள். 2027-ல் ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 28-லேயே வந்துவிடுகிறது. இது உங்களுக்கு அதிர்ஷ்டம். ஏப்ரலில் பிந்திவரும் ஈஸ்டரில் தாழ்வான ஊர்களில் பனி கஞ்சியாகக் கரைந்து கிடக்கும். மார்ச் கடைசியில் 1,800 மீட்டருக்கு மேலே இன்னும் நல்ல பனி இருக்கும், வெயிலும் இதமாக இருக்கும், விழுந்து எழும்பும் பிள்ளைகளுக்கு விரல் விறைக்காது. பிரெஞ்சுப் பள்ளிகளின் வசந்த விடுமுறை பொதுவாக ஏப்ரலில்தான் என்பதால் நெரிசலும் குறைவு. மத்தியானத்துக்குப் பிறகு பனி இளகிவிடும், அதனால் வகுப்பைக் காலையில் வையுங்கள்.

அடுத்தது கிழமை. பிரெஞ்சு ஆல்ப்ஸில் வாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்ற கணக்கில் போகின்றன. பத்து மணிக்குள் ஒரு கூட்டம் வீட்டைக் காலி செய்து மலையிலிருந்து இறங்கும், அதே ரோட்டில் அடுத்த கூட்டம் ஏறும். கூர்ஷவெல், வால் தொரான்ஸ், லா பிளாஞ், தீன் ஆகிய ஸ்கீ ஊர்கள் எல்லாவற்றுக்கும் போகிறவர்கள் ஆல்பர்வில்லிலிருந்து மூத்தியே வரை ஒரே பள்ளத்தாக்கு ரோட்டில்தான் போயாக வேண்டும். சீசன் சனிக்கிழமையில் அந்தக் கொஞ்சத் தூரத்துக்கே மணிக்கணக்காகும். பிரெஞ்சு அரசின் போக்குவரத்து முன்னறிவிப்புச் சேவையான பிசோன் ஃப்யூத்தே ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் போடுகிறது. கறுப்பு நாளில் புறப்படவே வேண்டாம். ஞாயிற்றுக்கு ஞாயிறு வாடகைக்கு விடும் வீடுகளும் இப்போது கிடைக்கின்றன, அதையே தேடுங்கள். சனி இரவு பத்து மணியிலிருந்து ஞாயிறு இரவு பத்து மணி வரை பிரான்ஸில் 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் பொதுவாக ஓடக்கூடாது. ரோட்டில் லாரி இல்லாத அந்த ஞாயிறு, முதல் தடவை வலப்பக்கம் ஓட்டும் ஒருவருக்கு எவ்வளவு நிம்மதி என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கூர்ஷவெல் வேண்டாம். அது கெட்ட இடம் என்பதால் இல்லை. அங்கே நீங்கள் காசு கொடுப்பது, மூன்று பள்ளத்தாக்குகளை ஒன்றாக இணைத்த 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதைக்கு. உங்கள் குடும்பம் முதல் வாரத்தில் பயன்படுத்தப் போவது அடிவாரத்துச் சரிவையும் இரண்டு மூன்று பச்சைப் பாதைகளையும்தான் (மிகச் சுலபமான பாதைகளுக்குப் பச்சை நிறம்). மூன்று பள்ளத்தாக்குக்கும் சேர்த்த ஆறு நாள் லிஃப்ட் பாஸ் பெரியவர் ஒருவருக்கே 350 யூரோவைத் தாண்டும். பக்கத்துப் பள்ளத்தாக்கான மோரியேனில் உள்ள ஊர்களில் அதைவிட நன்றாகவே குறையும்.

அந்தப் பள்ளத்தாக்கில் நான் சொல்லும் இடம் வால் செனி. மோதான் வரை நெடுஞ்சாலை, அப்புறம் இருபது சொச்சம் கிலோமீட்டர் பள்ளத்தாக்கு ரோடு, அவ்வளவுதான். பக்கத்து வலுவார் போக வேண்டுமென்றால் தெலெகிராஃப் கணவாயின் கொண்டைஊசி வளைவுகளில் ஏறி இறங்க வேண்டும், பனியில் ஓட்டிப் பழகாதவருக்கு அது எதற்கு? வால் செனியின் சரிவுகள் வடக்குப் பார்த்தவை, லார்ச் மரக் காட்டுக்குள் போகின்றன, 2,800 மீட்டர் வரை ஏறுகின்றன. அதனால் மார்ச் முடிவிலும் பனி தாங்கும். அதோடு அங்கே லெஸ்கார்கோ என்று 10 கிலோமீட்டர் நீளப் பச்சைப் பாதை ஒன்று இருக்கிறது. நெப்போலியன் காலத்தில் இத்தாலிக்குப் போட்ட மோன் செனி கணவாய் ரோடுதான் அது. கோடையில் கார் ஓடும் அந்த ரோடு குளிர்காலத்தில் மூடப்பட்டுச் சறுக்குப் பாதையாகிவிடுகிறது. சரிவு மிக மெது. நாலைந்து நாள் வகுப்புக்குப் பிறகு உங்கள் மகன் மேலேயிருந்து கீழே வரை அதில் வந்துவிடுவான். கூர்ஷவெல்லில் அந்தச் சந்தோஷத்தை இரண்டு மடங்கு காசுக்கு வாங்க வேண்டியிருக்கும்.

பெப்ரவரிதான் முடியும் என்றால், ஆல்ப்ஸ் வரை ஏன் போக வேண்டும்? வடகிழக்குப் பிரான்ஸின் வோஜ் மலையில் லா பிரெஸ், ஜெரார்மே இரண்டும், ஃபெர்ரி இறக்கிவிடும் கலேயிலிருந்து அறுநூறு சொச்சம் கிலோமீட்டர். உயரம் குறைவு, பனிக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் கற்க வருபவர்களுக்குப் போதும், செலவும் தாங்கும்.

சரி, இனி ஃபெர்ரி. டோவரிலிருந்து கலேக்கு ஒன்றரை மணி நேரம். டன்கர்க்குக்கு இரண்டு மணி நேரம், பல நேரம் சற்று மலிவு. டன்கர்க் துறைமுகம் கலேக்குப் பக்கத்தில்தான் என்பதால் கார் ஓட்டம் பெரிதாகக் கூடாது. நியூஹேவன் – தியெப் நான்கு மணி நேரம். ரூவான், பாரிஸ் பக்கமாகச் சுற்றி வர வேண்டியிருப்பதால் ஆல்ப்ஸுக்குப் போகும் ஹாரோக்காரருக்கு அதில் லாபம் இல்லை. காரை ரயிலில் ஏற்றிக் கடலுக்கடியில் கொண்டுபோகும் யூரோ டனல் 35 நிமிடத்தில் கொண்டுபோய் விடும், காசு அதிகம். எனக்கு ஃபெர்ரிதான் பிடிக்கும், ஒன்றரை மணி நேரம் ஓட்டுநர் கால் நீட்டலாம், பிள்ளைகள் ஓடலாம். கடல் கொந்தளித்தால் அம்மாவைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்கார வையுங்கள், குலுக்கல் குறைவாகத் தெரியும்.

ஒரே நாளில் ஒரே கம்பெனியின் கப்பல்களுக்கு இடையில் உள்ள விலை வித்தியாசம், இரண்டு கம்பெனிகளுக்கு இடையில் உள்ளதைவிடப் பெரிது. நள்ளிரவும் விடியற்காலையும் மலிவு, காலை எட்டிலிருந்து மத்தியானம் வரை விலை கூடுதல். பெரிய வெள்ளி காலை டோவர் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள். மார்ச் 27-ம் தேதி சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடந்து, ரீம்ஸ், த்ருவா, லாங்கர் எங்காவது ஒரு சாதாரண ரோட்டோர ஹோட்டலில் இரவு தங்கி, ஞாயிறு சாயங்காலம் மலை சேருங்கள். கலேயிலிருந்து வால் செனி ஆயிரம் கிலோமீட்டருக்குக் கிட்ட வரும், ஒரே மூச்சில் ஓட்டும் தூரம் இல்லை. டோல் போக வர இரண்டும் சேர்த்தால் ஃபெர்ரி டிக்கெட்டோடு போட்டி போடும், கணக்கில் அதை விட்டுவிடாதீர்கள். பெட்ரோலை நெடுஞ்சாலையில் போடாமல், வெளியே இறங்கி சூப்பர்மார்க்கெட் பங்கில் போடுங்கள். காரின் மேல் பெட்டி வைத்தால் மொத்த உயரத்தை டிக்கெட் எடுக்கும்போதே சொல்ல வேண்டும். ஸ்கீயும் பூட்ஸும் அங்கேயே வாடகைக்கு எடுக்கப் போகிறீர்கள், பெட்டி உங்களுக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

காரைப் பற்றி ஒரு சட்டம். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை ஆல்ப்ஸ் பகுதியில் காரில் குளிர்கால டயர் இருக்க வேண்டும், அல்லது சங்கிலியோ டயர் உறையோ டிக்கியில் இருக்க வேண்டும். நீங்கள் 28-ம் தேதி சேர்வதால் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். டயரில் மலையும் பனித்துளியும் சேர்ந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள், எம்+எஸ் எழுத்து மட்டும் போதாது. ஒரு பயணத்துக்காக நான்கு டயர் வாங்க வேண்டாம், சங்கிலி போதும். எந்த அளவு பொருந்தும் என்று காரின் கையேட்டில் பாருங்கள், சில கார்களில் சங்கிலியே போடக்கூடாது. ஹாரோவிலேயே வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பழகிவிடுங்கள். அதோடு முக்கோணப் பலகை, கை எட்டும் இடத்தில் ஒளிரும் மேலங்கி, ‘யூகே’ ஸ்டிக்கர் (பழைய ‘ஜிபி’ செல்லாது), முகப்பு விளக்குக்கு ஒட்டும் ஸ்டிக்கர்.

அம்மா விஷயத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்குங்கள். பிரிட்டனில் நிரந்தரமாக இருக்க அனுமதி இருந்தாலும், இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். கட்டணம் 90 யூரோ, அதோடு குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். விசா மையத்தில் நாள் கிடைப்பதுதான் சிரமம். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் காசு திரும்பக் கிடைக்கும் அறையாகவே எடுங்கள். அம்மாவுக்கு வால் செனியில் பொழுது போகும். அது மலையில் புதிதாகக் கட்டிய ஸ்கீ நகரம் இல்லை, பழைய கிராமங்கள் சேர்ந்த ஊர். லான்ஸ்லவில்லார் கிராமத்தில் புனித செபஸ்தியார் சிற்றாலயம் ஒன்று, சுவர் முழுக்க 15-ம் நூற்றாண்டு ஓவியங்களோடு இருக்கிறது. கிராமங்கள் 1,400 மீட்டர் சுற்றுவட்டாரத்தில்தான், 2,300 மீட்டரில் இருக்கும் வால் தொரான்ஸ் போல மூச்சு வாங்க வைக்காது.

உங்கள் நால்வரிடமும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்று எடுத்துக்கொள்கிறேன். பிரான்ஸில் நுழையும் நாளில் அது வழங்கப்பட்டு பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் மீதி இருக்க வேண்டும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் விரல் ரேகையும் முகப் படமும் எடுக்கிறார்கள், டோவரிலேயே அது நடக்கும். 12 வயதுக்குக் கீழ் என்றால் படம் மட்டும்தான். இதற்கு நேரம் பிடிக்கும், கடைசி நிமிடத்தில் போய் நிற்காதீர்கள்.

காசு கட்டும் முன் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டில் இருக்கும் உள்ளரங்கப் பனிச் சரிவுக்கு ஒரு ஞாயிறு போய்வாருங்கள், ஹாரோவிலிருந்து தூரமில்லை. உண்மையான பனி. இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகளின் ஆசை எவ்வளவு உறுதி என்று தெரிந்துவிடும். வால் செனி போனதும் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, உங்கள் இருவருக்கும் வகுப்பு எடுங்கள். கணவர் ‘நான் பார்த்தே கற்றுக்கொள்வேன்’ என்பார், விடாதீர்கள். உடுப்பை லிடில், ஆல்டி போன்ற மலிவு சூப்பர்மார்க்கெட்டில் வாங்கலாம், ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். காப்பீட்டில் குளிர்கால விளையாட்டு என்று எழுதியிருக்க வேண்டும். ஜிஹிக் அட்டை (பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு ஐரோப்பாவில் மருத்துவ உதவிக்கான அட்டை) அரசு மருத்துவமனைக்கு உதவும், ஆனால் சரிவிலிருந்து கீழே கொண்டுவருவதற்கு வரும் பில்லைக் கட்டாது. லிஃப்ட் பாஸ் வாங்கும்போது சில யூரோவுக்குத் தினக் காப்பீடு கேட்பார்கள், அதையும் சேர்த்தே வாங்குங்கள்.

கடைசியாகச் சாப்பாடு. அரிசி, பருப்பு, தூள் வகை, தேயிலை எல்லாம் தாராளமாகக் கொண்டுபோகலாம். சம்பலுக்கு மாசிக் கருவாடும் போகலாம். இறைச்சியும் பால் பொருளும் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகக்கூடாது, அதில் நெய், தயிர், பால்மா, வழிக்குக் கட்டிய கோழி ரொட்டி எல்லாம் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் பச்சை மிளகாய்க்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள், அவற்றை விட்டுவிட்டுப் போங்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. காய்கறியும் கோழியும் மலையேறும் முன் பள்ளத்தாக்கு சூப்பர்மார்க்கெட்டில் வாங்குங்கள், மேலே விலை வேறு. படுக்கை விரிப்பு, துண்டு வாடகையில் சேர்த்தியா என்று முன்பே கேளுங்கள், பல வீடுகளில் இல்லை. திரும்பும்போது எதிர்ப்பக்கமும் அதே கதைதான். 2025 ஏப்ரலிலிருந்து பிரிட்டனும் ஐரோப்பிய மாட்டு, ஆட்டு, பன்றி இறைச்சியையும் பால் பொருட்களையும் பயணிகள் கொண்டுவரத் தடை போட்டிருக்கிறது. பொஃபோர் சீஸ் அந்தப் பள்ளத்தாக்கிலேயே செய்கிறார்கள், அங்கேயே வாங்கி அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.