கபடியில் முகத்தில் அடிபட்டால் களத்திலேயே எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஊரில் கபடிக் குழு நடத்துகிறீர்கள், பையன்களுக்கு அடிக்கடி முகத்தில் முழங்கால் இடிக்கிறது, ரத்தம் நின்றதும் திரும்ப இறங்கிவிடுகிறார்கள், எதைச் சாதாரணம் என்று விடலாம், எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கபடி அணிகளோடு போகும் பிசியோதெரபிஸ்ட். தொடையைப் பிடிக்கக் குனிகிறவன் முகத்தில் ரைடரின் முழங்கால் ஏறுவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி.

முதலில், ரத்தத்தை வைத்துக் காயத்தை அளக்காதீர்கள். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம். புருவம் அரை அங்குலம் கிழிந்தாலே பனியன் முழுக்க நனைந்துவிடும், நாலு தையலில் சரியாகியும்விடும். தாடை உடைந்தவனோ ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பான்.

ஓடிப் போனதும் முகத்தைப் பார்க்க வேண்டாம். மூச்சு, கழுத்து, தலை, இந்த வரிசையில் பாருங்கள். மயங்கிக் கிடந்தாலோ, கழுத்து வலி, கை கால் மரத்துப்போவது என்று சொன்னாலோ தூக்காதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு, மூச்சைக் கவனித்தபடி 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவோடு பேசுகிறான், கழுத்தில் வலி இல்லை என்றால் உட்காரவைத்து முன்பக்கம் சாயச் சொல்லுங்கள். நம் ஊரில் உடனே மல்லாக்கப் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் அடிக்கிறோம். கீழ்த்தாடை இரண்டு பக்கமும் உடைந்திருந்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும், ரத்தமும் தொண்டைக்குள் இறங்கும். அப்புறம், ஸ்கோர் என்ன, கடைசி ரைடு யாருடையது என்று கேளுங்கள். உளறினாலோ, வாந்தி எடுத்தாலோ, தலை சுற்றுகிறது என்றாலோ அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூக்கு. எலும்புக்குக் கீழே உள்ள மென்மையான பகுதியை விரலால் அழுத்தி, குனிந்தபடி 15 நிமிடம். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. ரத்தம் நின்ற பிறகு செய்ய வேண்டிய வேலையைத்தான் பெரும்பாலும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மூக்கு நுனியைக் கட்டைவிரலால் மெதுவாக மேலே தூக்கி, போன் டார்ச் அடித்து இரண்டு துளைக்குள்ளும் பாருங்கள். நடுச்சுவரில் செக்கச்செவேலென்றோ கருஞ்சிவப்பாகவோ மெத்தைபோல ஒரு வீக்கம் தெரிந்தால் அது தேங்கிய ரத்தம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவர் அதை வெளியேற்ற வேண்டும். நடுச்சுவரில் உள்ள குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக்குழாய் கிடையாது, மேலே ஒட்டியிருக்கும் சவ்விலிருந்துதான் ஊட்டம். இடையில் ரத்தம் தேங்கிச் சவ்வு பிரிந்துவிட்டால் மூன்று நான்கு நாளில் குருத்தெலும்பு அழியத் தொடங்கும், பிறகு மூக்குத்தண்டு உள்வாங்கிவிடும். இது மறுநாள்கூட உருவாகலாம். மூக்கு அடைத்துக்கொண்டே இருக்கிறது, வலி கூடுகிறது என்று பையன் சொன்னால் திரும்பப் பாருங்கள்.

வெறும் கோணலுக்கு இவ்வளவு அவசரம் இல்லை. வீக்கம் வடிய நாலைந்து நாள் விட்டுக் காட்டலாம், ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டக் கூடாது, சிறுவர்களுக்கு ஒரு வாரத்துக்குள். தண்ணீர்போலத் தெளிவாகச் சொட்டினால் மட்டும் அது மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். மூக்கைச் சிந்தவிடாமல் நேராக மருத்துவமனை.

தாடைக்கு ஒரே கேள்வி: "பல்லைக் கடி, எப்பவும்போல பொருந்துதா?" இல்லை என்றால் எலும்பு முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கீழுதடு மரத்திருப்பது, நாக்குக்கு அடியில் நீலம் பாய்ந்திருப்பது, வாய் திறக்கும்போது ஒரு பக்கம் இழுப்பது எல்லாம் அதே சந்தேகம்தான். மோவாயில் விழுந்த அடி காதுக்கு முன்னால் உள்ள மூட்டில் போய் முறிக்கும், அதனால் அங்கேயும் தொட்டுப் பாருங்கள். நாக்கை அழுத்திப் பார்க்க மருத்துவர் வைத்திருக்கும் தட்டையான மரக்குச்சி ஒன்றைக் கடைவாயில் கடிக்கச் சொல்லி மெதுவாகத் திருகுவோம். இரண்டு பக்கமும் குச்சி ஒடியும்வரை பிடித்தால் முறிவுக்கு வாய்ப்பு குறைவு. வலியில் விட்டுவிட்டால் எக்ஸ்ரே. கடி பொருந்தவில்லை என்பவனுக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.

"கும்ப்ளே தாடை உடைந்தும் ஆடலையா?" என்று பையன்கள் கேட்பார்கள். 2002-இல் ஆன்டிகுவா கிரிக்கெட் டெஸ்டில் வெஸ்ட் இண்டீஸ் பந்துவீச்சாளர் டில்லனின் பந்து பட்டுத் தாடை முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு 14 ஓவர் வீசி லாராவை அவுட் ஆக்கினார். எனக்கும் அது மறக்க முடியாத காட்சி. ஆனால் முறிவு என்று தெரிந்த பிறகு வீசினார், அடுத்து அறுவை சிகிச்சைக்கு ஊர் திரும்பினார். பந்து வீசுகிறவர் மீது ஆறேழு பேர் விழுவதும் இல்லை. கபடியில் இரண்டாவது அடி உறுதி.

கண்ணுக்குக் கீழே அடி என்றால் இரண்டாகத் தெரிகிறதா, பார்வை மங்குகிறதா, கன்னமும் மேலுதடும் மரத்திருக்கிறதா என்று கேளுங்கள். தலையை ஆட்டாமல் உங்கள் விரலை மேலும் கீழும் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் பையன்களிடம் ஒரு ஆபத்து உண்டு: கண் வெள்ளையாக, வீக்கமே இல்லாமல் இருக்கும், ஆனால் மேலே பார்த்தால் கண் ஏறாது, குமட்டும். கண்குழியின் அடித்தட்டு எலும்பு விரிசல் விட்டு, தசை அதில் மாட்டிக்கொண்டிருக்கலாம். தலையில் அடி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். உடனே கண்ணுக்கும் முகத்துக்கும் அறுவை செய்யும் இடத்துக்குப் போக வேண்டும்.

தொண்டையில் முழங்கை பட்டுக் குரல் மாறினால், விழுங்க வலித்தால், கழுத்தைத் தொட்டால் நொறுநொறுவென்றிருந்தால், மூச்சு நன்றாக இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். வீக்கம் சில மணி நேரம் கழித்தும் கூடும்.

காதுமடல் வீங்கி மடிப்புகள் மறைந்தால் ஓரிரு நாளில் ரத்தத்தை எடுத்து அழுத்திக் கட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் மல்யுத்தக்காரர் காதுபோல நிரந்தரமாகத் தடித்துவிடும். அறை பட்டுக் காது மந்தமானால் எண்ணெயோ சொட்டு மருந்தோ விடாதீர்கள்.

பல் முழுசாக விழுந்தால், அது பால்பல் இல்லை என்றால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலில் ஒரு முறை அலசி, அதே குழியில் செருகி, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். அரை மணிக்குள் பல் மருத்துவரைப் பார்த்தால் நல்லது. நேரம் தாண்டிவிட்டது என்று பல்லை எறிந்துவிடாதீர்கள், அதையும் கொண்டுபோங்கள்.