நம்பர் ஒன் கல்லூரிக்காகக் கடன் வாங்கலாமா?

நியூஜெர்சி எடிசனிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகளுக்கு மூன்று சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில், அதாவது கலையும் அறிவியலும் கலந்து படிக்கும் இளங்கலைக் கல்லூரிகளில், இடம் கிடைத்திருக்கிறது. மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ், ஒஹாயோவில் கென்யன், அதே ஒஹாயோவில் வூஸ்டர். மே 1-ஆம் தேதிக்குள் ஒன்றில் டெபாசிட் கட்டியாக வேண்டும். ஹூஸ்டனில் இருக்கும் பெரியப்பா வில்லியம்ஸை மனதில் வைத்துத் தினமும் போன் செய்கிறாராம்: "நம்பர் ஒன் காலேஜே கூப்பிட்டிருக்கு, இதுல யோசிக்க என்ன இருக்கு? வூஸ்டர்னா யாருக்குத் தெரியும்?" மகளோ வூஸ்டர்தான் என்கிறாள். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

மூன்றும் நல்ல கல்லூரிகள், எதில் சேர்ந்தாலும் பிள்ளை நன்றாகப் படிப்பாள், கவலைப்படாதீர்கள். இதோடு நான் நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "மீதிக்கு லோன் போட்டுக்கலாம் என்று இருக்கிறோம்." அதைப் பார்த்த பிறகு சும்மா ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வில்லியம்ஸ் மெரிட் ஸ்காலர்ஷிப், அதாவது மதிப்பெண்ணையும் திறமையையும் பார்த்துத் தரும் உதவித்தொகை, தருவதில்லை. அங்கே உதவி என்றால் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவது மட்டும்தான். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அது உண்மையிலேயே தாராளமான இடம். தரும் உதவி முழுவதும் திருப்பிக் கட்ட வேண்டாத பணம். ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஐடி சம்பளம். காகிதத்தில் நீங்கள் வசதியானவர்கள், அதனால் உதவி எதுவும் வரவில்லை. ஆண்டுக்கு 85,000 டாலருக்கு மேல் முழுத் தொகையும் உங்கள் தலையில். வூஸ்டர் மெரிட்டுக்குக் கொடுத்திருப்பதைக் கழித்தால் அதில் ஏறக்குறைய பாதிதான் ஆகிறது. நான்கு வருடக் கணக்கில் வித்தியாசம் ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டும். 529 என்ற கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் நீங்கள் சேர்த்து வைத்திருப்பது வில்லியம்ஸில் இரண்டு வருடத்துக்குக்கூடப் போதாது.

மீதி லோன் எங்கிருந்து வரும்? மாணவர் பெயரில் அரசு தருவது முதல் வருடம் 5,500 டாலர், நான்கு வருடத்துக்கும் சேர்த்து 27,000. பெற்றோர் அரசிடம் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்கும் 2026 ஜூலை முதல், புதிதாக வாங்குகிறவர்களுக்கு, வரம்பு வந்துவிட்டது: ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000. அதற்கு மேல் தனியார் வங்கிதான், இல்லையென்றால் வீட்டின் மேல் கடன். உங்களுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. எட்டாம் வகுப்பில் பையன் இருக்கிறான். இந்தக் கடனை நீங்கள் வாங்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

வில்லியம்ஸை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டே மாணவர்கள் ஒரு பேராசிரியரோடு உட்கார்ந்து, வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வர, மற்றவர் அதைத் துருவிக் கேள்வி கேட்கும் டுடோரியல் வகுப்புகள் அங்கே உண்டு. பணம் ஒரு பொருட்டில்லை என்றால் தாராளமாகப் போகலாம். நிதியுதவி அலுவலகத்துக்கு ஒருமுறை எழுதியும் பாருங்கள். ஊரில் உங்கள் அப்பா அம்மாவின் மருத்துவச் செலவுக்கு நீங்கள் அனுப்பும் பணத்துக்கு ரசீது இருந்தால் இணைத்து அனுப்புங்கள். ஆனால் "வூஸ்டர் இவ்வளவு மெரிட் கொடுத்தது" என்று பேரம் பேசினால் அங்கே எடுபடாது.

கென்யன் எழுத்தும் இலக்கியமும் பிடித்த பிள்ளைகளுக்கு அருமையான இடம். உங்கள் மகளின் நாட்டம் அது இல்லை. உங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றிச் சொல்ல உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறார்கள். எனக்கு வேலை இல்லை.

இப்போது வூஸ்டர். வெட்டிப் போட்ட ஓக் மரத்தின் ஒரு துண்டை அவள் உப்புத்தாளால் தேய்த்து, வளையங்களை எண்ணி, ஊசி குத்தி வருடம் எழுதி வைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். நேரத்தை வீணாக்குகிறாள் என்ற வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். ஐயா, அதையே முறையாகச் செய்யும் ஆய்வுக்கூடம் ஒன்று வூஸ்டரில் இருக்கிறது. புவி அறிவியல் துறையின் மர வளைய ஆய்வுக்கூடம். பழைய மரவீடு, களஞ்சியம் என்று ஒஹாயோவில் நிற்கும் கட்டடங்களின் உத்திரங்களிலிருந்து மெல்லிய குச்சியாகத் துளைத்து எடுக்கிறார்கள். அதைச் சட்டத்தில் ஒட்டித் தேய்த்து, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ஒவ்வொரு வளையத்தின் அகலத்தையும் அளக்கிறார்கள். வறண்ட வருடத்து வளையம் குறுகி இருக்கும்; மழை நன்றாகப் பெய்த வருடத்தது அகன்றிருக்கும். காலம் தெரிந்த மரங்களின் வரிசையோடு பொருத்திப் பார்த்து, பட்டை வரை முழுதாக இருந்தால், அந்த மரத்தை எந்த வருடம் வெட்டினார்கள் என்றே சொல்லிவிடுகிறார்கள். அலாஸ்காவில் பனியாறுகள் மூடிப்போட்ட பழங்காட்டு மரங்களிலும் இதே வேலை நடக்கிறது. பெரிய பல்கலைக்கழகத்தில் இந்தக் கருவிகள் முனைவர் மாணவர்கள் கையில்தான் இருக்கும். வூஸ்டரில் முனைவர் படிப்பே கிடையாது. எனவே துளைப்பதும் அளப்பதும் இளங்கலைப் பிள்ளைகளின் வேலை.

அப்புறம், அங்கே கடைசி வருடம் இருக்கிறதே, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். எந்தத் துறையானாலும் சரி, ஒவ்வொரு மாணவரும் ஒரு பேராசிரியரோடு தனியாக உட்கார்ந்து சொந்தமாக ஓர் ஆய்வு செய்து முடித்தால்தான் பட்டம். ஹோவர்ட் லோரி கல்லூரித் தலைவராக இருந்த 1940-களில் தொடங்கியது, இன்றுவரை விட்டதில்லை. மூன்றாம் வருடத்திலேயே ஒரு செமஸ்டர் அதற்குப் பழக்குகிறார்கள். பயணத்துக்கும் ஆய்வுச் செலவுக்கும் கோப்லண்ட் நிதி என்று தனியாக விண்ணப்பிக்கலாம். மார்ச் விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை ஆய்வை ஒப்படைக்கும் நாள். கொடுத்தவர் கையில் ஒரு டூட்ஸி ரோல் மிட்டாய் வைக்கிறார்கள். சாயங்காலம் பேக்பைப் முழங்க ஊர்வலம் போகிறார்கள். ஆர்தர் காம்ப்டன் 1913-இல் இந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். 1927-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றார்.

குறையும் உண்டு. சின்ன ஊர். சுற்றிலும், இன்றும் பழைய முறையில் வாழும் ஆமிஷ் மக்களின் பண்ணைகள். கிளீவ்லாந்து போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளிர்காலம் நீளம். முதல் வருடம் ரசம் சாதத்துக்கு ஏங்குவாள், போன் செய்து அழவும் செய்யலாம்.

"யாருக்குத் தெரியும்?" என்ற கேள்விக்கு வருகிறேன். வால் ஸ்ட்ரீட்டுக்கோ கன்சல்டிங் வேலைக்கோ போகிற பெண் என்றால் வில்லியம்ஸின் பெயருக்கு அங்கே மதிப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மகள் போக நினைப்பது ஆராய்ச்சிக்கு. புவி அறிவியலில் முனைவர் படிப்புக்குச் சேர்க்கிற பேராசிரியர்களுக்கு வூஸ்டரைத் தெரியும். அந்தப் படிப்புக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் வரும். நாளை வேலை கொடுப்பவர் முதலில் பார்ப்பதும் அவள் கடைசியாக வாங்கிய பட்டத்தைத்தான்.

பெரியப்பாவின் அக்கறையை மதியுங்கள். ஆனால் லோன் பேப்பரில் கையெழுத்துப் போடப்போவது அவர் இல்லை. மண்ணையும் மரத்தையும் நான்கு வருடம் படிக்கப்போவதும் அவர் இல்லை.

இந்த வாரமே மகளை அந்த ஆய்வுக்கூடத்துக்கு எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதாதீர்கள், அவளே எழுதட்டும். முதல் வருட மாணவிக்கு அங்கே வேலை உண்டா, கோடையில் சம்பளம் உண்டா என்று கேட்கட்டும். மெரிட் தொகை நான்கு வருடமும் தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும், கட்டணம் ஏறினால் தொகையும் ஏறுமா என்பதை நீங்கள் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் வூஸ்டருக்கு டெபாசிட் கட்டுங்கள். கட்டிய கையோடு மற்ற இரண்டுக்கும் நன்றி சொல்லி மறுப்பு அனுப்பிவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் யாருக்காவது அந்த இடம் போகட்டும்.