பாதி மாடல் போதுமா? சிமெட்ரி, ரீஜியன் சந்தேகங்கள்

கேள்வி: சார், கணினி சிமுலேஷனில் ஒரு உருளையைச் சுற்றிக் காற்றோட்டம் பார்க்கிறேன், ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் நிலைம விசைக்கும் பிசுபிசுப்பு விசைக்கும் உள்ள விகிதம்) 200. மேலும் கீழும் ஒரே வடிவம்தானே என்று பாதியாக வெட்டி, வெட்டிய இடத்தில் சிமெட்ரி (மறுபாதி இதன் கண்ணாடிப் பிம்பம் என்று சொல்லும் எல்லை நிபந்தனை) கொடுத்தேன். லிஃப்ட் (ஓட்டத்துக்குக் குறுக்கே வரும் விசை) ஏறி இறங்கவே இல்லை, தட்டையாகப் போகிறது. மெஷ் (கணக்குக்காகச் சிறு செல்களாகப் பிரித்த வலை) போதவில்லையா?

பதில்: மெஷ் மேல் தவறில்லை, வெட்டியதுதான் தவறு. ரெனால்ட்ஸ் எண் சுமார் 47ஐத் தாண்டினாலே உருளைக்குப் பின்னால் சுழல்கள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாறி மாறிக் கழன்று போகும், அப்போது நடுக்கோட்டைக் கடந்து காற்று போய்வந்துகொண்டே இருக்கும். நீங்கள் கொடுத்த சிமெட்ரியோ அந்தக் கோட்டுக்குக் குறுக்கே வேகம் பூஜ்யம் என்று கட்டாயப்படுத்துகிறது. நீங்கள் தேடுகிற அசைவு வருவதற்கே வழியில்லை. வடிவம் சமச்சீராக இருந்தால் மட்டும் போதாது. சுமை, பொருள், கடைசியில் வரப்போகும் விடை எல்லாமே சமச்சீராக இருக்க வேண்டும். விடை அப்படித்தான் வரும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், முதலில் முழு மாடலைப் பெரிய செல்களோடு, நேரம் சார்ந்த கணக்காக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு நாள் போனாலும் பரவாயில்லை, தவறான முடிவை நம்பி மாதக்கணக்கில் வேலை செய்வது அதைவிட மோசம்.

கேள்வி: பாதிக் கார் மாடல். டிராக் கோஎஃபிஷியன்ட் (காற்று எதிர்ப்பைச் சொல்லும் எண்) எதிர்பார்த்ததில் சரிபாதிதான் வருகிறது.

பதில்: ரெஃபரன்ஸ் பரப்பளவை (அந்த எண்ணைக் கணக்கிட வகுக்கும் பரப்பளவை) முழுக் காருக்குப் போட்டிருப்பீர்கள். அதையும் பாதியாக்குங்கள். இன்லெட்டில் (காற்று நுழையும் இடத்தில்) மாஸ் ஃப்ளோ (நொடிக்கு நுழையும் நிறை) கொடுத்திருந்தால் அதுவும் பாதி. வேகம், அழுத்தம் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: அலுமினிய ஹீட் சிங்க் (வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்தும் உலோகத் துண்டு), சுற்றிலும் காற்று, இரண்டு தனி ரீஜியன் (மாடலின் பகுதி). காற்று சூடாகவே இல்லை, அலுமினியத்தின் வெப்பநிலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

பதில்: இரண்டு ரீஜியனும் ஒட்டிக்கொண்டிருப்பதாகத் திரையில் தெரியும், ஆனால் இடையில் இன்டர்ஃபேஸ் (இரண்டையும் இணைக்கும் எல்லை) உருவாக்காத வரை சால்வருக்கு (கணக்கிடும் நிரலுக்கு) அவை தனித்தனிச் சுவர்கள்தான், அந்தச் சுவர்களும் வழக்கமாக வெப்பம் கடத்தாதவையாகவே இருக்கும். வெப்பம் வெளியேற வழியில்லை, பிறகு எப்படி நிலைக்கு வரும்? ஃப்ளூயன்ட் மென்பொருள் என்றால் அந்தச் சுவரின் பெயரோடு ஷேடோ என்று ஒரு ஜோடி வந்திருக்கிறதா, அது கப்பிள்டு (இணைந்த) நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சரிசெய்த பிறகு, உள்ளே கொடுத்த வாட்டும் காற்று வெளியே எடுத்துப்போகும் வாட்டும் பொருந்துகிறதா என்று கட்டாயம் சரிபாருங்கள். வண்ணப்படம் அழகாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அப்புறம், ஹீட் சிங்க்கையும் பாதியாக வெட்டியிருந்தால் மொத்த வாட்டையும் பாதியாக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: ஷெல் எலிமென்ட் (மெல்லிய பரப்புக்கான கணக்கு அலகு) தகடு, கால்பகுதி மாடல், நடுவில் புள்ளிச் சுமை. சிமெட்ரி விளிம்புகளில் சிமெட்ரி தளத்துக்குச் செங்குத்தான நகர்வைப் பூட்டிவிட்டேன். வளைவு கைக்கணக்கைவிட ரொம்ப அதிகம்.

பதில்: திட எலிமென்ட்டுக்கு அந்தப் பூட்டு போதும். ஷெல்லுக்குச் சுழற்சியும் உண்டு, சிமெட்ரி தளத்திலேயே கிடக்கும் இரண்டு அச்சுகளைச் சுற்றிய சுழற்சிகளையும் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த விளிம்பு கீல் மாதிரி மடங்கும். சுமையையும் பாருங்கள்: அது இரண்டு தளமும் சந்திக்கும் புள்ளியில் இருப்பதால் கால் மாடலுக்குக் கால் பங்குதான் கொடுக்க வேண்டும். அடுத்து பக்ளிங் (அழுத்தத்தில் திடீரென வளைந்து நொடிப்பது) பார்க்கப் போகிறீர்கள் என்றால் முழுத் தகட்டுக்கு வந்துவிடுங்கள். எதிர்ச்சமச்சீர் வடிவங்கள் இந்த மாடலில் வராது, சில சமயம் குறைந்த சுமையில் நொடிப்பது அவைதான்.

கேள்வி: ஓபன்ஃபோம் மென்பொருளில் சிமெட்ரிபிளேன் (சிமெட்ரி எல்லையின் ஒரு வகை) கொடுத்தால் தளம் தட்டையாக இல்லை என்று எரர்.

பதில்: அந்த வகைக்கு முகங்கள் எல்லாம் ஒரே தட்டையான தளத்தில் இருக்க வேண்டும். வெறும் சிமெட்ரி வகைக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆனால் தட்டையாக இருக்க வேண்டிய முகம் ஏன் வளைந்தது என்று முதலில் மெஷ்ஷைப் பாருங்கள், எரரை மறைக்க வகையை மாற்றாதீர்கள்.

கேள்வி: எட்டு இறக்கை விசிறியில் ஒரு இறக்கைத் துண்டு மட்டும் எடுத்து இரு பக்கமும் சிமெட்ரி போடலாமா?

பதில்: கூடாது. காற்று சுழன்று ஒரு பக்கம் வெளியேறி மறுபக்கம் உள்ளே வர வேண்டும், சிமெட்ரி அதை அடைத்துவிடும். 45 டிகிரி சுழற்சி பீரியாடிக் (ஒரு பக்கம் வெளியேறுவது மறுபக்கம் உள்ளே வரும் எல்லை நிபந்தனை) கொடுங்கள்.