மகள் சைக்காலஜி படிக்கட்டுமா?

"மனிதர்கள் செய்வதை கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் துறைக்குப் போகணும்கிறாள், ஆனால் சைக்காலஜியும் மொழியியலும் படிக்கணுமாம். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருந்தீர்கள். சம்பந்தம் இருக்கிறது அம்மா, நிறையவே.

1973-இல் குன்னர் ஜொஹான்சன் என்ற ஸ்வீடன் உளவியலாளர் ஆட்களின் மூட்டுகளில் ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, அவை மட்டும் தெரியும்படி நடக்கவிட்டுப் படமெடுத்தார். படத்தை நிறுத்தினால் வெறும் புள்ளிகள். ஓடவிட்டால், யாரோ நடக்கிறார் என்று பார்ப்பவருக்குச் சட்டெனப் புரிந்தது. இன்று வீடியோவில் அசைவைப் படிக்கும் பல மென்பொருள்கள் முதலில் தேடுவதும் தோள், முழங்கை, முழங்கால் புள்ளிகளைத்தான்.

செயலுக்குப் பெயர் சொல்வதில் கம்ப்யூட்டர் ஓரளவு தேறிவிட்டது. கம்ப்யூட்டரைப் பழக்குவதற்கான வீடியோக்களின் தொகுப்பை தரவுத்தொகுப்பு என்பார்கள்; 2017-இல் வெளியான கைனெட்டிக்ஸ் தரவுத்தொகுப்பிலேயே 400 வகைச் செயல்கள் இருந்தன. ஆனால் கம்ப்யூட்டர் சமயத்தில் காப்பியடிக்கும்: ஆளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தே 'நீச்சல்' என்று எழுதிவிடும். அதே ஆண்டு வந்த 'சம்திங் சம்திங்' தொகுப்பில் ஒரு பொருளை எடுப்பதும், எடுப்பதுபோலப் பாவனை செய்வதும் தனித்தனி வகைகள். அங்கே பின்னணியை வைத்துத் தப்பிக்க முடியாது.

இன்னும் கடினமானது, பார்த்ததைச் சொல்வது. கையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர் விழுகிறது. 'உடைந்தது' என்பதா, 'உடைத்தான்' என்பதா, 'உடைத்துவிட்டான்' என்பதா, 'உடைத்துத் தொலைத்தான்' என்பதா? காட்சி ஒன்றுதான். ஆனால் யார் பொறுப்பு, வேண்டுமென்றே செய்ததா, சொல்பவருக்கு எரிச்சலா என்பதெல்லாம் வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. மொழியியல் படித்தவருக்கு இங்கே வேலை இருக்கிறது.

அதற்காகக் கணக்கைக் கைவிடலாம் என்று நான் சொல்லவே மாட்டேன். நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம் (லீனியர் அல்ஜீப்ரா), பைத்தான் என்ற கம்ப்யூட்டர் நிரல்மொழி மூன்றும் வேண்டும். கணக்கே ஆகாது என்றால் இப்போதே சொல்லச் சொல்லுங்கள், வேறு வழி யோசிப்போம். வீடியோவில் என்ன நடக்கிறது என்று குறிச்சொல் போடும் வேலை சுலபமாகக் கிடைக்கும். துறையைத் தொட்டுப் பார்க்க நல்லது, ஆனால் அதிலேயே தங்கிவிட வேண்டாம்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு பயிற்சி. ஒரு நிமிட வீடியோவை ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கட்டும். நோட்டில் கண்டதை இடப்பக்கம், ஊகித்ததை வலப்பக்கம் எழுதட்டும். 'கோபமாகக் கதவைச் சாத்தினார்' என்றால் 'சாத்தினார்' இடப்பக்கம், 'கோபமாக' வலப்பக்கம். பத்து வீடியோ முடிந்ததும் நோட்டோடு வரச் சொல்லுங்கள். எந்தப் பட்டப்படிப்பு என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.