ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரா?

கேள்வி: புது பாத்ரூம் டைல்ஸில் சிமென்ட் கறை. ஆசிட் ஊற்றியும் போகவில்லை என்று மேலேயே பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்தோம். கண் எரிந்து, மூச்சு முட்டி வெளியே ஓடி வந்துவிட்டோம். ஏன் இப்படி?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் சுவாசித்தது குளோரின். கடையில் 'ஆசிட்' என்று கேட்டால் கொடுப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடரில் பட்டதுமே குளோரின் கிளம்பும். காற்றைவிட சுமார் 2.5 மடங்கு கனமான வாயு என்பதால் வெண்டிலேட்டர் வரை ஏறாமல் தரையோடு தேங்கும். குந்தி உட்கார்ந்து தேய்ப்பவருடைய மூக்கு இருப்பதும் அதே மட்டத்தில்தான். ஓடி வந்ததே சரி. இருமலோ மூச்சிரைப்போ சில மணி நேரம் கழித்துக் கூடலாம். அப்படிக் கூடினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கறைக்கு பிளீச்சிங் பவுடரால் பயனே இல்லை. அது கிருமிக்கும் பாசிக்கும்தான், சிமென்டைக் கரைக்காது. முதலில் ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் வந்துவிடும். மிச்சத்துக்குத்தான் ஆசிட். தரையை நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட் ஆசிட்டை உறிஞ்சி உதிர்ந்துபோகும். பிளாஸ்டிக் பக்கெட்டில் 10 மக் தண்ணீர் எடுத்து, அதில் 1 மக் ஆசிட்டை மெதுவாக ஊற்றுங்கள். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் சூடேறி முகத்தில் தெறிக்கும். கதவு திறந்தே இருக்கட்டும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். துணி மாஸ்க் வாயுவைத் தடுக்காது. ஐந்து நிமிடத்துக்குள் தேய்த்து, நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குழாய்களை பாலித்தீனால் மூடாவிட்டால் ஆவி பட்டே பளபளப்பு போய்விடும். மார்பிள், கடப்பா கல் என்றால் ஆசிட் பக்கமே போகாதீர்கள். இரண்டும் சுண்ணாம்பு வகைக் கல், நுரைத்து அரிக்கும்.

இன்னொன்று: பாத்ரூம் தரையில் தண்ணீர் வெளியேறும் துளைக்குக் கீழே இருக்கும் நானி டிராப்பில் தண்ணீர் எப்போதும் நிற்கும். காலையில் கழுவிய பிளீச்சிங் தண்ணீர் அங்கே இருக்க, மதியம் ஆசிட் ஊற்றினாலும் இதே கதைதான். டாய்லெட் கிளீனர் பலவற்றிலும் இதே அமிலம் இருக்கிறது. லேபிளைப் படியுங்கள்.

கேள்வி: கதவுக்கு லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) பூசிய துணிகளை மூலையில் சுருட்டிப் போட்டிருக்கிறோம். பரவாயில்லையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இப்போதே எடுங்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். விரித்த துணியில் சூடு பறந்துவிடும்; சுருட்டிய துணியில் உள்ளேயே ஏறி, நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள். அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமுக்கி மூடிவையுங்கள்.

கேள்வி: மிச்ச தின்னரை தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கலாமா?
– வாசகி, கரூர்

பதில்: கூடாது. பிள்ளைகள் தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடுவார்கள். குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு தின்னர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 108-ஐ அழையுங்கள், டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.