கூறெடுப்பு முறை எது? கேள்விகளும் பதில்களும்

குடியாத்தம், ஆய்வு மாணவி: வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களின் முதுகுவலி பற்றி ஆய்கிறேன், ஐயா. ஆய்வுக்கான ஆட்களை எடுக்க எது சரி: எல்லோரிலிருந்தும் குலுக்கலில் எடுக்கும் எளிய சமவாய்ப்புக் கூறெடுப்பா, மக்களை வகைவகையாகப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் எடுக்கும் படுகைக் கூறெடுப்பா?

பதில்: முறையைக் கேட்பதற்கு முன் பட்டியலைக் காட்டுங்கள், அம்மா. அடையாள அட்டை உள்ளவர்களின் பட்டியலை மட்டும் நம்பினால், அட்டையில்லாமல் சுற்றுகிறவர் ஒருவரும் உங்கள் ஆய்வுக்குள் வரமாட்டார். எனவே இரண்டையும் விட்டு, தெருக்களைக் கொத்துகளாகக் கொண்டு, சிலவற்றைக் குலுக்கலில் எடுத்து, அங்கே வீடு வீடாகச் சென்று நீங்களே பட்டியல் எழுதி, அதிலிருந்து ஆட்களைத் தேர்வதே நடக்கக்கூடிய வழி. ஒரே தெருவில் இருப்பவர்களின் விடைகள் ஓரளவு ஒத்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தெருவுக்கு 20 பேர், அவர்களுக்குள் ஒட்டுறவு (விடைகள் ஒத்திருக்கும் அளவு) 0.05 என்று வைத்தால் 1 + 19 × 0.05 = 1.95, மாதிரியை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும்.

காட்பாடி: மாதிரிக்கு 384 பேர் போதுமா?

பதில்: 95 விழுக்காடு நம்பிக்கை, கூட்டியும் குறைத்தும் 5 விழுக்காடு பிழை, விகிதம் பாதி என்று கொண்டால் வரும் எண் அது. எளிய சமவாய்ப்பு முறைக்கே பொருந்தும்.

ராணிப்பேட்டை: எங்கள் மாவட்டத்துக்கும் 384தானா?

பதில்: மேலே உள்ளதைப் படியுங்கள். மக்கள்தொகை லட்சக்கணக்கில் இருக்கும்போது, அது இன்னும் பெருகினாலும் இந்த எண் அசையாது. பட்டியல்தான் அசையும்: 2011 கணக்கெடுப்பில் இருப்பது பிரிக்கப்படாத வேலூர், 2019இல் அது மூன்று மாவட்டங்களாயிற்று.

அணைக்கட்டு: நெல் விளைச்சலை மதிப்பிட அரை மீட்டர் ஆரமுள்ள வளையத்தை வயலில் வீசி, உள்ளே விழுந்த கதிரை அறுக்கிறோம். சரியா?

பதில்: வீசுவதே தவறு, கை நல்ல பயிரை நோக்கித்தான் போகும். அதைவிடப் பெரிய தவறு வளையத்தின் சிறுமை. அதன் சுற்றளவு ஒரு சதுர மீட்டருக்கு 4 மீட்டர். வழக்கமான 5 × 5 மீட்டர் சதுரத்துக்கு 0.8 மீட்டர்தான். ஐந்து மடங்கு விளிம்பு, ஐந்து மடங்கு சந்தேகம். அரிவாளோடு குனிந்தவர் விளிம்பில் நிற்கும் குத்தைப் பார்த்து, “இதுவும் உள்ளேதானே, ஐயா” என்பார், யாரும் மறுக்கமாட்டோம். விளைச்சல் கூடிக்கொண்டே போகும். புள்ளியியல் அறிஞர்கள் மகலனோபிசும் சுகாத்மேயும் மோதிக்கொண்டதே இந்தச் சிறு துண்டு, பெரிய துண்டு விவகாரத்தில்தான்.

ஆற்காடு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வளையங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் பிழை தேய்ந்துவிடாதா?

பதில்: தற்செயல் பிழை தேயும், ஐயா, ஒரே பக்கம் சாயும் பிழை தேயாது. 1936இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விடைச்சீட்டுகள் திரும்பி வந்தும், ரூஸ்வெல்ட் தோற்பார் என்றே அது கணித்தது.

ஆற்காடு: அப்படியானால் வயலுக்கு ஒரே ஒரு பெரிய சதுரம் போதுமா? என் அனுபவத்தில் ஒரே வயலிலேயே மேட்டுப்பக்கம் ஒரு விளைச்சல், பள்ளத்தில் வேறு.

பதில்: உண்மைதான். ஆனாலும் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அதைவிடப் பெரிது. ஒரு வயலில் மூன்று சதுரம் அறுக்கும் கூலியில் மூன்று ஊர்களில் ஒவ்வொன்று அறுங்கள். சதுரத்தின் மூலை எங்கே விழும் என்பதை வீட்டிலேயே சமவாய்ப்பு எண் அட்டவணையில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.

வாணியம்பாடி: வாட்ஸ்அப்பில் படிவம் அனுப்பினேன், 384 பேர் நிரப்பினார்கள். சமவாய்ப்பு மாதிரி என்று எழுதலாமா?

பதில்: கூடாது. கைக்கு எட்டிய மாதிரி என்று எழுதுங்கள். 384ஐப் பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம்.