ஒற்றை வரி ஒப்பந்தம் போதுமா?

கேள்வி: கூரைக்கு அடியில் வெப்பக்காப்பு போட, ‘தரமான மெட்டீரியல், மொத்தம் இவ்வளவு’ என்று ஒரே வரியில் எழுதித் தருகிறார் கான்ட்ராக்டர். கையெழுத்துப் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பொருள், பரப்பளவு, தடிமன், ஆர்-மதிப்பு (வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு) நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். இயந்திரத்தால் ஊதி நிரப்பும் உதிரிப் பொருள் வகையென்றால் ‘படிந்த பிறகான தடிமன்’ என்றே எழுதச் சொல்லுங்கள். போட்ட அன்று பொங்கி நிற்பது நாளடைவில் அமுங்கிவிடும். எத்தனை மூட்டை என்பதையும் சேர்த்து, வேலை முடிந்ததும் காலிப் பைகளை எண்ணிவிடுங்கள். மூட்டையைக் குறைத்து ஏமாற்றுவதும் உண்டு. கண்ணாடி இழையாலான கம்பளி விரிப்பா (கிளாஸ் வூல்)? 150 மி.மீ. விரிப்பை 100 மி.மீ. இடுக்கில் திணித்தால் காப்பு குறையும். காற்றுக் கசியும் விரிசல்களை முதலில் அடைப்பது யார் பொறுப்பு? அதுவும் வரட்டும். கூரையின் காற்றோட்டத் துளைகளை மூடக்கூடாது. ஈரம் தங்கி மரம் உளுத்துவிடும். கடைசித் தவணை, நாலைந்து இடங்களில் ஸ்கேல் குத்தி அளந்த பிறகே.